தானாகக் குறைந்த சத்தம்

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், போன சித்திரையில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவன் உச்சிவெயிலில் ஏரிக்கரைப் பக்கம் போகாதவன்.

தமிழ்வேந்தன் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அன்று வடக்கனந்தலில் இருந்து செல்லியம்மாள் வந்தாள். கரும்பு வெட்டுகிறவள். ஒரே மகள் எழில்மதி ஏரியில் மூழ்கிச் செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. மகள் பாடம் ஒப்பித்துப் பதிவு செய்த குரல் ஒன்று அவள் லேப்டாப்பில் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

"கஞ்சி எறங்கல தம்பி. ஒரு தபா அவ கொரலக் கேட்டா போதும்."

பார்த்தால், வெறும் மியூட். இதற்கா இந்த வெயிலில் அலைந்தாள் என்று அவனுக்குப் பாவமாக இருந்தது. எடுத்துவிட்டு, நூறு வரை ஏற்றி, பதிவை ஓட விட்டான்.

சத்தம் தானாக இறங்கியது. எண்பது... நாற்பது... பூஜ்யம்.

அவன் கை மவுஸில் இல்லை.

சவுண்டு டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து அதை அழித்து மறுபடி போட்டான். மறுபடி இறங்கியது. இப்போது திரையும் மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினான். மங்கியது. செட்டிங்ஸைத் திறந்தான். மூடிக்கொண்டது.

மணி 12.10. ஹெட்போனை மாட்டினான்.

உஸ்ஸ்ஸ்... அதற்குள் ஒரு பெண் குரல்.

"அண்ணா... வாணாம். அம்மாவுக்குப் போடாதீங்க."

ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"இன்னா தம்பி, வந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. பதிவை பென் டிரைவில் ஏற்றி, கடை ஸ்பீக்கரில் செருகினான்.

பாடம் கேட்டது. செல்லியம்மாள் அழுதாள், சிரித்தாள். பிறகு...

"யம்மோவ்... வாயேன்."

உச்சிவேளையில் குரல் மட்டும் கூப்பிட்டால் மூன்று தரம் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெற்ற வயிற்றுக்கு அது நினைவு வருமா?

"தோ வரேன்டி கண்ணு."

எழுந்து நடந்தாள். அவன் கத்தினான். திரும்பவில்லை.

மறுநாள் அதே ஏரியில் மிதந்தாள்.

அன்று அவன் லேப்டாப்பைத் திறந்தான். சத்தம் இறங்கவில்லை. திரை மங்கவில்லை. பதிவை முழுக்கக் கேட்டான்.

பாடம் மட்டும்தான். 'யம்மோவ்' இல்லை. பென் டிரைவிலும் இல்லை.

லேப்டாப்பை வாங்கிப் போக வந்த அவள் தம்பி ராசு, வாசலில் நின்று சொன்னான்:

"பொண்ணும் இப்டிதாங்க. அக்கா கரும்பு வெட்டப் போயிருந்துச்சு. வூட்ல யாருமே கூப்புடல. இது மட்டும், 'தோ வரேம்மா'ன்னு சொல்லிக்கினே ஏரியில எறங்கிச்சாம்."