அம்மாவுக்கு ஒரு கதவு

வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட் வாசம்... கூடவே கொஞ்சம் பெட்ரோல். எங்கள் பழைய ஹெரால்டு காரை நினைத்தாலே இதுதான் முதலில் வரும்.

சீமையில் டிசைன் செய்து, நம் வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில் தயாரான வண்டி. கதவு இரண்டே இரண்டு. பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டைச் சாய்த்து, குனிந்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைய வேண்டும்.

முன் சீட் எனக்கு. ஒரே பெண், கேட்கவா வேண்டும்! முட்டிவலிக்கார அம்மாவுக்குப் பின் சீட்.

சேலையூரில் பக்கத்து வீட்டு தாமு மாமாவுக்கு அந்த ஃபேக்டரியில்தான் வேலை. ஒருநாள் சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார்.

"அண்ணி, நாலு கதவு வச்ச வண்டி வரப்போவுது! சீமையிலயே கெடையாது, நம்மாளுங்களே போட்டது!"

"அப்போ எனக்குன்னு ஒரு கதவா?" அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அதிலிருந்து மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "என் கதவு எதுவரைக்கும் வந்திருக்கு?"

"தகடு தட்டிக்கினே கீறோம் அண்ணி... வந்துரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனகாபுத்தூர் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மாவின் முட்டி வீங்கியிருந்தது.

"கண்ணு, இன்னிக்கு ஒருநாள் அம்மா முன்னாடி உக்காந்துக்கட்டுமா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். அப்பா அதட்டியும் விடவில்லை.

"விடுங்க, கொழந்தைதானே..." என்று சொல்லிவிட்டு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நுழைந்தாள்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அம்மா போய்விட்டாள்.

நாலு கதவு வண்டி அதற்குப் பிறகுதான் ரோட்டுக்கு வந்தது. ஃபேக்டரியிலிருந்து ஓட்டிப் பார்க்க எடுத்த வண்டியை மாமா எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, பின் கதவைத் திறந்தார். ஏறத்தான் ஆள் இல்லை.

"அண்ணி கதவு..." என்றார். அப்படியே அழுதுவிட்டார். அப்பா உள்ளே போய்விட்டார்.

இப்போது அந்த ஃபேக்டரியும் இல்லை, மாமாவும் இல்லை. அம்மா போனபோது இருந்த வயதைப்போல் எனக்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. முட்டிவலி மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

கேளம்பாக்கத்தில் இருக்கும் மகன், வெளியே கிளம்பும்போதெல்லாம் சொல்வான். "முன்னாடி உக்காரும்மா, காலை நீட்டிக்கலாம்."

"இருக்கட்டும்டா" என்று பின் கதவைத் திறந்து ஏறிக்கொள்வேன். காரணம் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன்.

அம்மா கேட்டு நான் கொடுக்காத இடம் அது... அங்கே உட்கார எனக்கு மனசு வரவில்லை.