பெற்ற பிள்ளைக்கும் அண்ணி

செங்கேணி இந்த ஊருக்கு வாழ வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பழையசீவரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வந்த வீட்டில் மாமியார் இல்லை. முனியம்மாள் அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். இருந்தவர்கள் ஐந்து ஆண்கள்: மாமனார், புருஷன் பாண்டுரங்கன், அவனுக்குக் கீழே மூன்று தம்பிகள். கடைக்குட்டிக்கு ஆறு வயது. தாலி ஏறிய மூன்றாம் நாள் அவன் கால்சட்டைப் பித்தானைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணி, இது பிச்சிக்கிச்சி" என்று நின்றானாம். அதோடு செங்கேணி என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மூன்று மைத்துனர்களும் ஒரே சமயத்தில் "அண்ணி, சோறு" என்று குரல் கொடுத்தால் ஏரியில் மேயும் கொக்குகள் அத்தனையும் எழும்பிப் பறக்கும். நான் எண்ணியிருக்கிறேன், நூற்றுப் பதினேழு. மாமனாரே கொஞ்ச நாளில், "எதுவா இருந்தாலும் அண்ணியாண்ட கேட்டுக்கோ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிறகு விஜய் பிறந்தான். வீட்டில் எல்லாரும் சொல்வதைத்தானே குழந்தையும் சொல்லும்? பேச்சு வந்ததும் பெற்றவளைப் பார்த்து "அண்ணி" என்றான். பாண்டுரங்கன் திருத்திப் பார்த்தான். "அம்மான்னு சொல்லுடா." பையன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க கீறாங்க?" என்று கேட்டான்.

இரண்டாவது மைத்துனன் ஏகாம்பரத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து சுலோச்சனா வந்தாள். வந்த வேகத்திலேயே இதைக் கவனித்துவிட்டாள். "எம் புள்ளைங்க என்ன அம்மான்னுதான் கூப்புடணும். இந்த அண்ணி கிண்ணியெல்லாம் எனக்கு வாணாம்" என்று ஏகாம்பரத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். செங்கேணிக்கு கீதாவும் சுலோச்சனாவுக்கு ஸ்ரீகாந்தும் ஒரே வருஷத்தில் பிறந்தார்கள். அப்போது மாமனார் படுக்கையில் விழுந்திருந்தார். நடவு, களை, அறுப்பு எல்லாம் செங்கேணி தலையில். வீட்டில் இருந்த சுலோச்சனா இரண்டு குழந்தைகளையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தாள். ஸ்ரீகாந்த் அவளை அம்மா என்றான். அதைப் பார்த்து கீதாவும் அம்மா என்றாள். ஆக, அந்தப் பெண்ணுக்குச் சித்தி அம்மாவானாள், அம்மா அண்ணியானாள்.

"உனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இல்லையா?" என்று ஒருமுறை செங்கேணியைக் கேட்டேன்.

"இன்னா டீச்சர் கொற? அம்மான்னா பெத்தது ரெண்டுதான் கூப்புடும். அண்ணின்னா வூடே கூப்புடுது" என்றாள், கையில் இருந்த வைக்கோலை மாட்டுக்கு உதறியபடி.

அவள் அப்படிச் சொல்லிவிட்டாள். காகிதம் அப்படிச் சொல்லவில்லை.

இந்த வருஷம் கீதாவுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறப்புச் சான்றில் தாய் செங்கேணி. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தாய் சுலோச்சனா. "எது சரின்னு அஞ்சு நாளுக்குள்ள எழுத்துல கொண்டாங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தவற்றைச் செய்த புண்ணியவதி யார் என்று தேட வேண்டியதில்லை. நான்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். ஊரில் யார் யார் என்று தெரியாது. சுலோச்சனா இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேர்க்க வந்தாள். "அம்மா பேர் என்ன?" என்று கேட்டேன். இரண்டும் ஒரே குரலில் "சுலோச்சனா" என்றன. எழுதினேன். அந்த ஏடு ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கீதாவின் பின்னாலேயே போயிருக்கிறது.

வீட்டில் அன்று ஒரே களேபரம். கடைசி மைத்துனன், அதே பித்தான் பையன், இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருப்பவன், யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தான்.

"ஏடு திருத்தறதுன்னா பெரிய பேஜாரு, அண்ணி. சுலோச்சனா அண்ணி கீதாவ தத்து எடுத்துக்கினாங்கன்னு ஒரு பத்திரம் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு சொல்றாங்கோ."

எல்லாரும் செங்கேணியைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எந்த முடிவுக்கும் அப்படித்தான் பார்ப்பார்கள். மூன்று பேருக்கும் பெண் பார்த்தது, பாகம் பிரிக்க வேண்டாம் என்று நிறுத்தியது, ஒரே உலையில் இன்றுவரை பொங்குவது எல்லாம் அவள் சொல்லித்தான்.

"போட்டுடு" என்றாள் செங்கேணி. "பொண்ணு படிக்கணும். காயிதத்துல யாரு பேரு இருந்தா இன்னா?" சொல்லிவிட்டு உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

சுலோச்சனா அவள் பின்னாலேயே போனாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இன்னாடி இது? உம் பொண்ணு தானே அவ?"

"எம் பொண்ணுதான். அதுக்கு இன்னொரு பத்திரம் எதுக்கு எனக்கு? பெத்தவங்க பேர அடிச்சிட்டு எம் பேர எழுதினா, நாளைக்கு அவ பெரிய டாக்டரானா இந்த வூட்டுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட நடமாடறது? வாங்க அண்ணி, போயி அந்த டீச்சரப் புடிப்போம்."

என்னைப் பிடித்தார்கள். அந்தப் பதிவு என் கவனக்குறைவால் நேர்ந்தது என்றும், முப்பத்து மூன்று வருஷ வேலையில் நான் செய்த ஒரே தவறு என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். முதல் பாதி உண்மை.

விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் சோபியா வந்தாள். சின்னப் பெண், கறாரான பெண். பள்ளியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு கீதாவிடம், "உங்க அம்மாவக் கூப்பிடும்மா" என்றாள்.

கீதா திருதிருவென்று விழித்தாள். வாயைத் திறந்தால் "அம்மா" என்று வரும், சுலோச்சனா எழுந்துவிடுவாள். "அண்ணி" என்றால் விசாரணையே கெட்டுவிடும். கடைசியில் எழுந்து போய் செங்கேணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "இவங்கதான் மேடம். நாங்க அண்ணின்னு கூப்புடுவோம்."

"பெத்த அம்மாவ யாராவது அண்ணின்னு கூப்பிடுவாங்களா?"

"எங்க வூட்ல கூப்புடுவோம் மேடம்" என்றான் விஜய். "அடுத்த வூட்லயும் இவங்கள அண்ணின்னுதான் கூப்புடறாங்க. பால் சொசைட்டிலயும் அதான்."

சோபியாவின் முகம் இளகவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், கீதா பொறந்தது ஏப்ரல் மூணு. அடுத்த வரியில ஸ்ரீகாந்த், அதே வருஷம் ஆகஸ்ட் ஒம்பது. ரெண்டு பேருக்கும் அம்மா சுலோச்சனா. நாலு மாசத்துல எப்படி டீச்சர்?"

தகப்பன் பெயரை மட்டும் இரண்டு வரியிலும் சரியாக வேறு வேறாக எழுதியிருந்தேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

முதலில் சிரித்தது சுலோச்சனாதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ டீச்சர், என் மானத்த வாங்கிட்டியே" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். ஏகாம்பரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாட்டைப் பார்த்தான். சோபியாவும் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். அந்த ஏட்டைப் பொய் என்று காட்ட அந்த ஏடே போதும் என்றாகிவிட்டது.

அவள் எழுதிய அறிக்கையை நான் படித்தேன். "இக்குடும்பத்தில் மூத்த மருமகளை, அவர் பெற்ற பிள்ளைகள் உட்பட அனைவரும் அண்ணி என்று அழைப்பது வழக்கம் என விசாரணையில் தெரியவருகிறது. கீதாவின் தாய் செங்கேணியே." அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு நல்ல வாக்கியத்தை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் காலை எல்லாருமாகக் கிளம்பினோம். பஸ்ஸில் பாதி எங்கள் ஆட்கள்தான். கல்லூரியில் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் தாயின் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. சுலோச்சனா தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். செங்கேணி மேசைமேல் குனிந்தாள். வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் பாண்டுரங்கன் கையெழுத்துப் போட்டுப் போட்டு, அவள் தன் பெயரை முழுதாக எழுதி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பின்னால் நீண்ட வரிசை. "சீக்கிரம்மா" என்றார் குமாஸ்தா.

"இருங்க சார்" என்றாள் செங்கேணி. எழுத்தெழுத்தாக எழுதி, ங்-க்கு மேல் புள்ளியை அழுத்தி வைத்து, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.