எந்த ஸ்பூன்?

“கொஞ்சம் உங்க ஸ்பூனைத் தர்றீங்களா? ஒரே நிமிஷம்” என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு, அவர் தலையாட்டுவதற்குள் அதை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்தும் விட்டார் அக்கா. டம்ளர் தண்ணீரை ஸ்பூன் நிறைய முகந்தார். கைப்பையிலிருந்து விரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வெளியே வந்தது. அதில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. தண்ணீரை அதில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். “ஆறரை மில்லி!” என்று கூவினார், பரிசுச் சீட்டு விழுந்தவர் மாதிரி. ஸ்பூனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். ஸ்பூன்காரர் வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கல்லாவில் இருந்தவர் மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவருக்கு இது தினப்படி நடக்கிற கூத்து.

சிற்றுண்டிச்சாலைக்கு மேலே மூன்றாவது மாடியில், இரண்டே இரண்டு அறைகளில் அக்காவின் அலுவலகம் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஓர் இணையதளம். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், தடுப்பூசி என்று உடம்பைப் பற்றிய எந்தச் சந்தேகமானாலும் அங்கே ஒரு பக்கம் இருக்கும். எழுதுவதற்கு மூன்று மருத்துவர்கள். அவர்கள் எழுதுவதைப் பிரித்து மேய்ந்து, மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி ஆக்குவதற்கு அக்கா. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசை முழுக்கப் பேனா தேடுவார். மாடிக்குப் படியேறித்தான் போவார். லிஃப்டை நம்புவதில்லை. இத்தனைக்கும் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்.

இந்த வேலைக்கு வருமுன் பதினெட்டு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். சீட்டை ஜன்னலில் நீட்டி, “டாக்டர் என்னமோ சொன்னாரும்மா, என்ன சொன்னாருன்னு கொஞ்சம் சொல்லேன்” என்பார்கள். அக்காவின் படிப்பெல்லாம் அங்கே படித்ததுதான். இன்றைக்கும் எதிரில் ஆள் வந்தால், நடுவில் கண்ணாடி இருப்பதாக நினைத்துக் கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் இரைந்துதான் பேசுவார். இரகசியம் பேசினாலும் அடுத்த அறைக்குக் கேட்கும்.

ஒரு பக்கம் வெளியே போகுமுன் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. மருத்துவ வாசனையே இல்லாத மூன்று பேரைப் பிடித்துப் படிக்கவைப்பார். படித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு, “இப்ப எனக்குத் திருப்பிச் சொல்லுங்க” என்பார். முடிதிருத்துபவர், தபால்காரர், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்று யாரும் தப்பியதில்லை. முதல் பலி எப்போதும் வீட்டுக்காரர்தான். அவர் கால்நீட்டி உட்கார்ந்து படித்துவிட்டு, “எனக்கே புரிஞ்சிருச்சுன்னா லிஃப்டுக்கே புரியும், தைரியமா போடு” என்பார்.

அக்காவுக்குக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு போர்க்களமும் உண்டு. நாத்தனார் நடத்துகிற குடும்ப வாட்ஸப் குழுதான் அது. வெங்காயத்தை வெட்டிக் காலுறைக்குள் வைத்தால் காய்ச்சல் இறங்கும் என்று நாத்தனார் ஒரு நாள் அனுப்பினால், மறுநாள் எலுமிச்சம்பழத் தோலில் சர்க்கரை ஓடிப்போகும் என்பார். அக்கா கோபித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடவையும் மூன்றே கேள்விகளைப் பதிலாகப் போடுவார்: “யார் சொன்னது? எப்ப சொன்னது? அவங்க என்ன விக்கிறாங்க?” நாத்தனார் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்த அரைமணியில் புதிதாக வேறொன்றை அனுப்புவார். இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

இன்றைக்கு நோட்டில் குறிக்கும்போதே இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். காரணம் இருந்தது. இணையதளத்துக்கு வரும் அரசு நிதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தரலாமா வேண்டாமா என்று ஏழு பேர் கொண்ட குழு இன்று பதினொரு மணிக்கு முடிவு செய்யப்போகிறது. ‘வேண்டாம்’ என்றால் அதை எடுத்துக்கொள்ள ஒரு டானிக் கம்பெனி தயாராக நிற்கிறது. செலவு முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் பாட்டிலின் படம் சின்னதாக இருந்தால் போதுமாம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று அக்கா மூன்றாம் மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினார்.

“அக்கா, திரையில காட்ட நாற்பது படம் போட்டு வெச்சிருக்கேன். நான் பேசிடறேன். நீங்க கடைசியில பத்து நிமிஷம் பேசினா போதும்” என்றார் இணையதளத்தின் இயக்குநர். அவர் மருத்துவர், அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். காலையிலிருந்து நான்காவது தடவையாகக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அந்தப் பழைய ஸ்பூன் விவகாரத்தை இன்னைக்கு எடுக்காதீங்க. குழுவில யாருக்கும் தெரியாது. நாமளா போய்ச் சொல்லணுமா?”

அக்கா “ம்” என்றார். அது சம்மதமா இல்லையா என்பது அந்த ‘ம்’முக்கே தெரியாது.

விவகாரம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் குழந்தைக் காய்ச்சல் பக்கத்தை எழுதி முடித்தார்கள். எந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்ற பட்டியலில், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, அக்கா தன் கையாலேயே மில்லிக் கணக்கை அடித்துவிட்டு ‘ஒரு ஸ்பூன்’ என்று மாற்றினார். வழக்கம்போல மூன்று பேரைப் பிடித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று பேரும் பிசகாமல், “ஒரு ஸ்பூன் குடுக்கணும்” என்றார்கள். அக்காவுக்கு ஏகக் குஷி. பக்கம் வெளியே போனது. பதினோராம் நாள் ஒரு தாயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “எங்க வீட்ல நாலு விதமா ஸ்பூன் இருக்கு. எந்த ஸ்பூன்?” அவ்வளவுதான் கடிதம். மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் மனசில் ஆளுக்கொரு ஸ்பூனை வைத்துக்கொண்டு சொன்னார்கள். இது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. அரைமணி நேரத்தில் பக்கத்தைத் திருத்தினார்கள். மருந்தோடு வரும் அளவு மூடியில் மட்டுமே அளக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆனால் அந்தப் பதினொரு நாளில் பதினாலாயிரம் பேர் அதைப் படித்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனது என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்பதுதான் அக்காவை அரித்தது. அன்றிலிருந்து பார்க்கிற ஸ்பூனையெல்லாம் அளக்கிறார். ‘திருப்பிச் சொல்லுங்க’ என்பதோடு ‘செஞ்சு காட்டுங்க’ என்பதும் சேர்ந்துகொண்டது. சுற்றியிருப்பவர்கள் அவரை ‘ஸ்பூன் அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அரசுக் கட்டடத்தின் மாடியில் இருந்த கூட்ட அறையில் இயக்குநரின் நாற்பது படங்களில் பதினெட்டாவது ஓடும்போதே இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். குழுவில் ஒருவர் கட்டட ஒப்பந்தக்காரர். தொண்டை பெரியது, பொறுமை சின்னது. “சார், ஒரு விஷயம் கேட்கறேன். எல்லாந்தான் ஃபோன்லயே கெடக்குதே. தட்டினா ஆயிரம் வருது. அதுக்கு நம்ம வரிப்பணம் எதுக்கு? கம்பெனிக்காரன் சும்மா தர்றேங்கறான், வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார்.

இயக்குநர் பத்தொன்பதாவது படத்தைத் தேடினார். அக்கா எழுந்துவிட்டார். கைப்பையைக் கவிழ்த்ததும் மேசைமேல் கலகலவென்று ஏழு ஸ்பூன்கள் விழுந்தன. எல்லாம் அவர் வீட்டு அடுக்களையில் இருந்து வந்தவை. அன்று காலை வீட்டுக்காரர் கையால் சாப்பிட்டார். ஆளுக்கொரு ஸ்பூன், ஆளுக்கொரு காகிதக் கோப்பை. “ஐயா, அம்மா, எல்லாரும் ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துங்க. குழந்தைக்குக் காய்ச்சல். அழுதுக்கிட்டிருக்கு. சீக்கிரம்!” என்று குனிந்து இரைந்தார், நடுவில் கண்ணாடி இருப்பதைப் போலவே.

ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏழு பேரும் ஊற்றினார்கள். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு சக்தி. அக்கா கண்ணாடிக் குழாயோடு மேசையைச் சுற்றி ஓடினார். “மூணு! நாலரை! அஞ்சு! இவங்க ஏழு!” கொட்டாவி விட்டவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது சூப் குடிக்கிற ஸ்பூன். “பதிமூணு!” என்று அக்கா கத்தியதும் அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், பிறகு தன் கோப்பைக்குள் பார்த்தார். “ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல். ஏழு பேரு ஏழு விதமாக் குடுத்திருக்கீங்க. கேட்டது ஒரே வரி, ‘ஒரு ஸ்பூன்’. ஒரு காய்ச்சல் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருந்தது” என்றார் அக்கா.

“இப்படிப் பொறுப்பில்லாம எவன் எழுதறான்?” என்றார் ஒப்பந்தக்காரர், உண்மையான கோபத்தோடு.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். எவனோ எழுதினான் என்றால் கதை முடிந்தது, நிதியும் வந்துவிடும். அக்காவுக்கும் அது தெரிந்தது.

“நான்தாங்க எழுதினேன்” என்றார்.

பதினொரு நாள், பதினாலாயிரம் பேர், அந்தத் தாயின் கடிதம் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். பிறகு குழந்தைக் காய்ச்சல் பக்கத்தைத் திரையில் போடச் சொன்னார். தலைப்புக்கு நேர் கீழே தேதியோடு ஒரு குறிப்பு இருந்தது: ‘இந்தப் பக்கத்தில் பதினொரு நாள் தவறான அளவு இருந்தது. தவறு எங்களுடையது. திருத்திவிட்டோம்.’

“தப்பு பண்றவங்களுக்கு எதுக்குங்க மக்கள் பணம்?” என்றார் ஒப்பந்தக்காரர். இந்த முறை அவர் குரல் பாதிதான் ஏறியது.

“தப்பு எல்லாரும் பண்றாங்க ஐயா. அதைத் தலைமேல எழுதி வெச்சிருக்கற பக்கம் ஒண்ணு, உங்க ஃபோன்ல வர்ற ஆயிரத்துல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன். எங்க நாத்தனாரை நான் தினம் கேட்கற கேள்விதாங்க. சொல்றவங்க என்ன விக்கிறாங்க? பாட்டில் விக்கிறவர் காசு குடுத்தா, இந்தக் குறிப்பை அந்தப் பாட்டிலுக்கு மேல விடுவாரா? நாங்க எதையும் விக்கலை. விக்காம இருக்கத்தான் உங்ககிட்ட வந்து நிக்கறோம்.”

வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். கதவில் சதுரமாய் ஒரு கண்ணாடி. அக்கா அதில் மூக்கை ஒட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றபடி ஃபோனில், “என்னாச்சு? என்னாச்சு?” என்று எதிரொலித்துக்கொண்டிருந்தார்.

“கை தூக்கறாங்க! ஒண்ணு… ரெண்டு… அந்தம்மா தூக்கிட்டாங்க, மூணு! ஐயோ, ஒப்பந்தக்காரர் கையைத் தூக்கறாரு… காதைச் சொறியறாரா, ஓட்டுப் போடறாரா?”

“சொறிஞ்சா இறக்கியிருக்கணுமே!” என்றது குழி.

கை இறங்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு கையும் ஏறியது. ஐந்து! அக்கா எண்ணுவதை விட்டுவிட்டு இயக்குநரின் தோளில் பளாரென்று ஓர் அறை வைத்தார். அவர் சரிசெய்து வைத்த கழுத்துப்பட்டை முதுகுப் பக்கம் போயே போய்விட்டது. இறங்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக, லிஃப்டில் இறங்கினார்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் ஒரே அமளி. ஒரு மருத்துவர் நாற்காலியில் ஏறி நின்று பேசினார். இன்னொருவர் காரணமில்லாமல் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினார். இயக்குநருக்குச் சிரிப்பும் மூச்சும் சேர்ந்து வந்தது. “அக்கா, இனிமே அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல. அந்தக் குறிப்பை இப்பவாவது எடுத்துடலாமே? ரெண்டு வருஷம் ஆச்சு, திருத்தியாச்சு, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியும் ஆச்சு. பக்கம் பார்க்கச் சுத்தமா இருக்கும்.”

“ம்” என்றார் அக்கா.

தன் மேசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழந்தைக் காய்ச்சல் பக்கத்தைத் திறந்து, சுட்டியை மேலே கொண்டுபோய் அந்தக் குறிப்பு முழுவதையும் தேர்வுசெய்தார். இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார். அக்கா ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து பதினாறாக்கினார்.