விரல் கூடு போடாமல் உட்கார்ந்த முகூர்த்தம்

தாலித் தட்டு இன்னும் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அடித்தது நான் இல்லை. என் தவில் மடியில் இருந்தது, கை சும்மா இருந்தது.

புதிதாகத் தவில் பிடிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

1. நோவாத வேலை

கல்யாணம் ஆவடி சேக்காட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில். பெண்ணின் அண்ணன் கொரட்டூர் ஃபிளாட்டில் இருப்பவர், ஐ.டி. வேலை. என்னையும் நாகஸ்வரம் வாசிக்கும் கோதண்டத்தையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மேளம் மொத்தமும் ஏ.ஐ.ல பண்ணிட்டேன். நீங்க வாசிக்கிற மாதிரி உட்கார்ந்தா போதும், வீடியோவுக்கு. கெட்டிமேளம் எத்தனை மணிக்குன்னு ஐயர்கிட்ட கேட்டு டைமிங்கும் வெச்சாச்சு."

ஸ்பீக்கரில் கொஞ்சம் போட்டுக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

"போன சனிக்கெழம நீ வாசிச்சதுக்கு இது தேவலாம் மாமே" என்றான் கோதண்டம். "நோவாத வேல. வாய ஊதிக் காட்டிட்டு, இட்லி துன்னுகினு போய்னே இருக்கலாம்."

எனக்கும் சந்தோஷம்தான். கோதண்டம் நாகஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளியைப் பையிலேயே விட்டான்; அது இல்லாமல் ஊதினால் சத்தம் வராது. நான் வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டவில்லை. துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த தொப்பி அது. அது இல்லாமல் அடித்தால் விரல் தாங்காது.

2. அட்சதை தீர்ந்தது

எல்லாரும் தொட்டுக் கும்பிடுவதற்காகத் தாலித் தட்டு சபைக்குப் போனது. மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் தட்டோடு செல்ஃபி எடுத்தார்கள். தட்டு நகரவில்லை. பாட்டு நகர்ந்தது.

கெட்டிமேளம் கேட்டால் நம் ஆட்களுக்குக் கை தானாக எழும்பும். மண்டபம் மொத்தமும் அட்சதையை வீசியது. தட்டு வைத்திருந்த அம்மாளே ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீசினார்.

"இன்னும் கட்டலைங்க" என்றார் மாப்பிள்ளை, தலையில் அரிசியோடு.

ஐயர் அசரவில்லை. "போட்டது போட்டதாவே இருக்கட்டும். தட்டைக் கொண்டாங்கோ, முகூர்த்தம் போறது."

அண்ணன் போனில் பாட்டைப் பின்னால் இழுத்தார். ஊஞ்சல் பாட்டு வந்தது. மறுபடி இழுத்தார். நலங்கு வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாலி ஏறும்போது தும்மல், அழுகை எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். "மேளம் எங்கடா? யாராச்சும் தும்மித் தொலைக்கப் போறாங்க" என்றார் மகனிடம். அவர் சொன்ன நேரம், அட்சதையின் மஞ்சள்தூள் ஏறி, முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் மூக்கைச் சுருக்க ஆரம்பித்தார்.

3. ஐயர் விரல்

வாசிக்கும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூச்சம். ஐயர் விரலை மட்டும் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்ததும் ஐயர் பழக்கத்தில் என் பக்கம் விரலை ஆட்டினார். கோதண்டம் ஊதினான், வெறும் காற்று வந்தது.

"அட்றா மாமே" என்றான்.

இடது கையில் குச்சி, வலது கையில் வெறும் விரல். அடித்தேன். பெரியவர் வாய் திறந்தது, தலை குலுங்கியது. சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அட்சதை யாரிடமும் இல்லாததால் முன்னால் இருப்பவர் தலையிலிருந்து பொறுக்கிப் போட்டார்கள். என் தலையிலும் யாரோ பொறுக்கினார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது எனக்கு இரண்டு நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

பந்தியில் அண்ணன் வந்தார். "சாரிண்ணே. எப்படிண்ணே கரெக்டா ஆரம்பிச்சீங்க?"

நான் இட்லியைப் பிட்டேன். கோதண்டம் சொன்னான்: "ஐயர் வெரலயே பாத்துகினு இருந்தான் சார். ஒங்க போனுக்குக் கண்ணு கீதா?"

அவர் போனைத் திருப்பி, பின்னால் இருந்த மூன்று கேமராவையும் யோசனையாகப் பார்த்தார். அப்படிப் பார்த்திருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

சும்மா உட்காரும் வேலை இப்போதும் அவ்வப்போது வருகிறது. போகிறேன், எனக்குப் பிடித்த வேலைதான். நீங்களும் போங்கள். ஆனால் கூட்டை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். தட்டு எந்த வரிசையில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கோதண்டமும் இப்போது சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டுதான் ஊதாமல் இருக்கிறான்.