இரண்டு பொட்டலம்

வலது கையால் வெள்ளை நந்தியாவட்டை, இடது கையால் செவ்வரளி. காளியாத்தாளுக்குக் கை மாறியதே இல்லை. பூவரச இலையில் தனித்தனியாக வைத்து மடித்து, வாழைநாரில் முடிச்சிட்டு, இரண்டு பொட்டலத்தையும் மடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவாள். "எது எதுன்னு எனக்கே தெரியப்படாதுங்க. தெரிஞ்சா அது வாக்காகாது" என்பாள்.

பள்ளிபாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் மாரியம்மனிடம் பூக் கேட்காமல் யாரும் கிணறு வெட்டுவதில்லை, பெண் பார்க்கப் போவதில்லை. பண்டாரம் அம்மன் காலடியில் இரண்டையும் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காளியாத்தாளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. பூசை நேரத்தில் யாராவது இருமலை அடக்கினால் அவளுக்குப் பொறுக்காது. மணியடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து போய் முதுகில் தட்டுவாள். "அடக்காதீங்க சாமி, நல்லா இருமுங்க. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா." பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமும் இதையே சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாள். ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. எண்பத்து மூன்றில் அவள் கணவர் அப்புசாமி அங்கே வந்து சேர்ந்தார். லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், மலை மாதிரி ஆள். நுரையீரலில் சீழ் கட்டி, நெஞ்சைத் திறந்து ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் காளியாத்தாளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். முதுகில் ஊசி போட்டு நூல் மாதிரி ஒரு குழாயை வைத்துவிட்டால், அதன் வழியாக மருந்து போய் வலி தெரியாது. வலி இல்லாவிட்டால்தான் மூச்சை இழுத்து இருமிச் சளியைத் துப்ப முடியும். "ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா. ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் கொஞ்ச நேரம் மரத்துப்போகலாம். கூடவே இருந்து பாத்துக்குவோம். கால் விழுந்துபோறது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆப்பரேசனுக்குப் பூக் கேட்டு வெள்ளை உழுந்துச்சுங்க. முதுகு ஊசிக்குக் கேக்கலீங்களே. கேக்காத காரியத்த எப்படீங்க செய்யறது?"

ஆபரேஷன் மறுநாள் காலையில்தான். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பியிருக்கலாம். அதே ஊர்க்காரன் நான், அந்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, 'வேண்டாம்' என்று எழுதிய இடத்தில் அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் வலிக்கென்று கையில் போட்ட ஊசி தூங்கவைத்ததே தவிர, விழித்தால் வலி அப்படியே இருந்தது. நர்சு இருமச் சொன்னால் அப்புசாமி தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தொண்டையை மட்டும் செருமுவார். "நெஞ்சு பொளந்துக்குமாட்ட இருக்குது புள்ள, உடு." அவளும் பாவம் பார்த்து விட்டுவிட்டாள். சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் போய்விட்டார். முதுகு ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் காதில் அது ஏறவில்லை. என் காதிலும்தான்.

அந்த வருஷமே கோயிலில் பூ மடிக்க உட்கார்ந்தாள். நாலு வருஷமாகிறது.

போன வெள்ளிக்கிழமை நானும் கோயிலில் இருந்தபோது சௌந்திரம் பூக் கேட்க வந்தாள். அவள் வீட்டுக்காரர் கந்தனுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் நெஞ்சு ஆபரேஷன்.

"ஆப்பரேசனுக்குக் கேட்டதோட உட்டுராத அம்முணி. முதுகு ஊசிக்கும் கேளு" என்றாள் காளியாத்தாள்.

"ஆப்பரேசனுக்குப் போன வாரமே வெள்ளை வந்துருச்சுங்கக்கா. இந்த ஊசிக்குத்தான் பயமா இருக்குது. கால் வராமப் போயிரும்ங்கறாங்க. சிவப்பு வந்துட்டா வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

காளியாத்தாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் அன்னிக்குச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க சாமி."

ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சௌந்திரம் கேட்டாள். ஆனாலும் அவள் பார்வை பூக்கூடை மேலேயே இருந்தது.

காளியாத்தாள் இலையை விரித்தாள். வலது கை நந்தியாவட்டைக் குவியலுக்குப் போனது. இடது கை அரளி வரை போய், நின்று, திரும்பி வந்து, நந்தியாவட்டையையே அள்ளியது. சௌந்திரம் அப்போது அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். காளியாத்தாள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாள்.

பண்டாரம் ஒன்றைப் பிரித்தார். வெள்ளை. சௌந்திரம் ஓவென்று அழுதுவிட்டாள். பண்டாரம் மற்றதற்குக் கை நீட்டுமுன் காளியாத்தாள் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அப்புறம் அம்மனுக்கு நேராக நின்று, இரண்டு கன்னத்திலும் சத்தம் கேட்கப் போட்டுக்கொண்டாள்.