பகிரும் பட்டியலில் முதல் பெயர்

திங்கட்கிழமை காலை பத்து மணிவாக்கில் என் மகளின் மருத்துவமனைக் கடிதத்தை எங்கள் பழைய தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நூறு பேருக்கு மேல் இருக்கிற குழு. வேண்டுமென்று செய்யவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி என் நாக்குதான் தேய்ந்தது. மறுநாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்து பகிரும் பட்டியலைச் சுத்தம் செய்தேன். வெள்ளம் வருமுன் அணை போடத் தெரியாத கழுதை, வந்து போன பிறகு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டியல் எது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கணினியில் ஒரு படத்தின் மேல் மௌஸை வைத்து வலது பக்கம் தட்டினால் ஒரு வரிசை விழும். அதில் 'கொங்சி' என்பதைத் தொட்டால் (என் கணினி மலாய் பேசும், பகிர் என்று அர்த்தம்) ஒரு பெட்டி திறக்கும். மேலே நாம் அடிக்கடி அனுப்புகிறவர்களின் முகங்கள். கீழே மின்னஞ்சல், பிரிண்டர், புளூடூத் என்று அனுப்பும் வழிகள். என்னுடைய பெட்டி, தீபாவளிக்கு முந்தின நாள் பாசார் மாதிரி நெரிசலாக இருக்கும். மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "ம்மா, எதுக்கு இத்தன பேரு? அஞ்சு நிமிசம் குடுங்க, நான் கிளீன் பண்ணித் தரேன்." அது பாட்டுக்கு இருக்கட்டும், உன் வேலையைப் பார் என்று நான்தான் விரட்டினேன்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கோலாலம்பூரில் வேலை பார்த்தாள். போன வருஷக் கடைசியில் இரண்டு பைகளோடு ஈப்போவுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. முதலில் சாப்பாடு குறைந்தது. பிறகு தூக்கம் போனது. குளியலறைக்குள் போனால் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ஒரு மணி நேரம் கேட்கும். நான் என்ன செய்தேன்? திட்டினேன். கொழுப்பு, சோம்பேறித்தனம், கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து மண்டை குழம்பிவிட்டது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ மழையைப் பற்றிப் பேசுகிற குரலில், "தூங்குனா எந்திரிக்காமலே இருந்துட்டா நல்லா இருக்கும்லம்மா" என்றாள். மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்கில் டாக்டர் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை, தஞ்சோங் ரம்புத்தான்.

எங்கள் பேரா மாநிலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மனநோய்க்கான பெரிய மருத்துவமனை இருக்கிற ஊர் அது. ஊர்ப் பெயரையே நாங்கள் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கூத்தடித்தால் "தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு போய் வுட்டுருவேன்" என்போம். நானே இவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஐயோ, என் வாயில் மண்ணைப் போட.

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போறேன்" என்றாள். "ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் வரமாட்டேன். மாமாகிட்ட மட்டும் சொல்லுங்க, காடி அவருகிட்டதானே இருக்கு." மாமா என்றது என் தம்பியை. லகாட்டில் இருக்கிறான். என் அம்மா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் போகிறேன் என்று சொன்னதே எனக்குக் கோயில் கட்டின மாதிரி. அந்த வியாழக்கிழமைக்கு அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பிறகு என் உயிரையே எடுத்துக்கொள் என்று சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை தம்பி கூப்பிட்டான். "அக்கா, அந்த சூராட்ட அனுப்பு. எந்த பில்டிங், எத்தன மணின்னு பாத்துட்டு வேலையில சூத்தி சொல்லணும்." சூத்தி என்றது விடுப்பை. கடிதத்தை ஸ்கேன் செய்தேன். கணினியில் திறந்தேன். வலது பக்கம் தட்டினேன், கொங்சியைத் தொட்டேன், முதல் முகத்தைத் தொட்டேன். முதலில் இருந்தது தோட்டத்துக் குழு, தம்பியின் முகம் இரண்டாவது.

இந்தப் பழக்கம் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டம் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். அதை விற்றபோது தோட்டத்து ஆபீஸ் கிராணி வீடு வீடாக வந்து கடிதம் கொடுத்துத் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார். தனியாக இருந்து படித்துப் புரியாமல் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள்தான் முதலில் லயத்து வீட்டைக் காலி செய்தன. அன்றைக்குக் கோயில் முன்னால் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: இனி எவன் வீட்டுக்கு எந்த சூராட் வந்தாலும் கோயில் முன்னால் கொண்டு வந்து சத்தமாகப் படிக்க வேண்டும், தனியாகப் படிக்கக் கூடாது. ஐந்தாம் பாரம் படித்தவள் என்று என்னைத்தான் படிக்க வைத்தார்கள். தோட்டம் போனது, லயம் போனது, நாங்கள் ஈப்போ, தெலுக் இந்தான் என்று சிதறினோம். கட்டுப்பாடு மட்டும் போகவில்லை. வீட்டுமனைக் கடிதமோ பள்ளிக்கூடக் கடிதமோ, இன்றும் எனக்குத்தான் வரும். ஸ்கேன் செய்து, கீழே தமிழில் இரண்டு வரி எழுதிக் குழுவில் போடுவேன். அரசாங்க முத்திரை போட்ட காகிதத்தைப் பார்த்தால் என் விரல் தானாக அங்கேதான் போகும்.

அனுப்பின மறுநொடியே தெரிந்துவிட்டது. அழிக்கப் போனேன். எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று கேட்டது. பதற்றத்தில் எனக்கு மட்டும் என்பதைத் தட்டித் தொலைத்தேன்! என் திரையில் கடிதம் மறைந்துவிட்டது. அப்பாடா, முருகா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அரை நிமிடம் இருக்கும். குழுவில் யாரோ கும்பிடுகிற கையைப் போட்டார்கள். பிறகு இன்னொரு கை. பிறகு வரிசையாகக் கைகள். "அக்கா, புள்ளைக்கு என்னா?" என்று ஒருத்தர். "இது செய்வினைதான், எனக்கு தெரிஞ்ச சாமி பாக்குறவரு இருக்காரு" என்று ஒரு மகாராசி. கடிதம் எனக்கு மட்டும்தான் அழிந்திருந்தது, மற்ற எல்லாரிடமும் பத்திரமாக இருந்தது.

குழுவைப் பார்த்துக்கொள்வது கோயில் செயலாளர். அவர் நினைத்தால் யார் போட்டதையும் அழிக்கலாம். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினேழு தடவை கூப்பிட்டேன். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் பக்கம் லோரி ஓட்டுகிற மனுஷன், எப்படி எடுப்பார்? மத்தியானம்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன்லா. இப்ப அழிச்சிட்டேன்."

"அண்ணே, எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"பாக்காதவங்கதான் கொஞ்ச பேரு தங்கச்சி" என்றார்.

ஆனால் மத்தியானத்துக்கு வெகு முன்பே என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் படித்த பெண் ஒருத்தி, 'தைரியமா இரு' என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "என்னம்மா செஞ்சீங்க?" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே நின்று கெஞ்சினேன், அழுதேன், வியாழக்கிழமை மட்டும் வந்துவிடு சாமி என்றேன். உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்கும்வரை கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியலில் போய் விழுந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் கணினி தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளிடம் கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினேன். முதலில் ஒரு பிரிண்டர், அது செத்து மூன்று வருஷம். ஒரு கல்யாணத்துக்காக ஆரம்பித்த குழு, அந்தக் கல்யாணமே முறிந்துவிட்டது. மகளின் ஐந்தாம் பார டியூசன் ஆசிரியர். கோழிக்கடைக்காரர். புளூடூத் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் பழைய கைப்பேசி. அவர் போய் நான்கு வருஷமாகிறது. அதையும் தட்டி நீக்கினேன். அன்றைக்கு அவருக்காக அழ எனக்கு நேரமில்லை.

சில வழிகளை நீக்கவே முடியவில்லை, கணினியோடு பிறந்தவையாம். தொலையட்டும் என்று விட்டேன். ஆனால் அந்தக் குழு! நீக்குவேன், மூடித் திறப்பேன், மறுபடியும் முதல் முகமாக வந்து உட்கார்ந்திருக்கும். குழுவை விட்டு விலகலாம் என்றால், விலகிவிட்டாள் என்று எல்லாருக்கும் சொல்லிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று மணி நேரம் போராடி, அமைப்புக்குள் எங்கோ ஓர் ஆழத்தில் முகங்களே வரவேண்டாம் என்று ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தேன். தட்டினேன். பெட்டி மொட்டையானது.

உடனே கதவிடம் ஓடினேன். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. ஒரு பேரு கூட இல்ல. இனிமே இப்படி நடக்காது."

"அதுல எடுத்து என்னம்மா பண்றது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எல்லாரு மண்டையிலயும் இருக்குல."

தாழ்ப்பாள் போட்ட பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு. பேசினாளே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன், வெட்கங்கெட்டவள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். லயத்தில் எங்களுக்கு மூன்றாம் வீடு. அவள் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"சிங்கப்பூருலாம் இல்லக்கா" என்றாள். "வீட்டுக்குள்ளதான் இருக்கான். பதினோரு வருசமா அங்கதான் மருந்து எடுக்குறோம். மொதல்ல ரொம்ப மோசம். இப்ப பரவால்ல, கோழிக்கு தீனி போடுறான், டிவி பாத்து சிரிக்கிறான். பயப்படாம கூட்டிட்டு போங்கக்கா. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். எனக்கு யானை பலம் வந்தது. நேராகக் கதவிடம் போய் அத்தனையும் சொன்னேன்: சிங்கப்பூர் பொய், பதினோரு வருஷ மருந்து, கோழி, சிரிப்பு. "பாரும்மா, நம்ம மட்டுமில்ல" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. மெலிந்துபோன முகம்.

"இத என்கிட்ட சொல்லச் சொன்னாங்களா அந்த அக்கா?"

"இல்ல... ஒனக்கு ஆறுதலா இருக்கும்னுதான்..."

"ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்னு சொன்னாங்களா, இல்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கோபப்படவில்லை. களைத்துப்போய் என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். முந்தா நாள் நடந்ததற்காவது விரல், பழக்கம், பட்டியல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதற்கு எதைச் சொல்வது? அன்று முழுக்கச் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அவள் வருவாளா என்று தெரியாமலேயே குளித்து, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டேன். கடிதம், அவள் ஐசி என்கிற அடையாள அட்டை, தண்ணீர், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தேன். ஏழு மணிக்குத் தம்பியின் கார் வந்து நின்றது. கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. ஏழேகாலுக்கு அதுவாகத் திறந்தது. தலை வாரி, முகம் கழுவி, வெளியே வந்தாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு! என் கையிலிருந்த பையை வாங்கி, கடிதத்தையும் ஐசியையும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். காரில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறினாள். நான் பின்கதவைத் திறந்தேன்.

"ம்மா, நீங்க வர வேணாம்."

"ஏய், என்னலா இது, அம்மா வராம எப்படி?" என்றான் தம்பி.

"நீங்க வெளிய உக்காந்திருங்க மாமா, போதும். உள்ள நான் மட்டும் போறேன்." பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். "அவங்க என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்வேன்னு உங்களுக்கு தெரிஞ்சா, என்னால உண்மைய சொல்ல முடியாதும்மா."

"சரிம்மா" என்றேன். திறந்த பின்கதவை நானே மூடினேன்.