புளி கொடுத்த வீடுகள்

மெர்சியின் ஆய்வேட்டில் நன்றியுரைப் பக்கத்தில், நெறியாளருக்கும் நூலகத்தாருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, "புளி கொடுத்த வீடுகளுக்கு" என்று ஒரு வரி வரும். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அதை அச்சுப்பிழை என்றே நினைத்தாராம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஏரிகளை யார் பராமரித்தார்கள் என்கிற ஆராய்ச்சியில் புளிக்கு என்ன வேலை? வேலை இருந்தது. புளி இல்லாவிட்டால் அந்த ஆய்வேடே இல்லை.

பென்னலூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஓர் ஊர். பேரைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், வேண்டாம். ஊருக்கு ஓர் ஏரி. செம்பரம்பாக்கத்து ஏரியைப் பார்த்தவர்கள் இதைக் குட்டை என்பார்கள். ஆனால் இந்த ஊர் நெல்லுக்கு இதுதான் தெய்வம். ஏரிக்குள் கரையை ஒட்டி மதகு. மதகுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல். கல்லின் தலைக்கு மஞ்சள் குங்குமம் உண்டு, ஆடியில் பொங்கல் உண்டு. பொங்கலன்று ஊர்க்காரர்கள் மதகருகே நிற்பார்கள். காலனிக்காரர்கள் எதிர்க்கரையில் தள்ளி நிற்பார்கள். கோடையில் அதே மதகடியில் இறங்கித் தூர் வாருகிறவர்கள் மட்டும் காலனிக்காரர்கள். பொங்கலுக்கு ஆகாத கால் சேற்றுக்கு ஆகும். அந்த ஊர் நியாயம் அப்படி.

அப்படி இறங்கி மண் வெட்டியவர்களில் ஒருவர் யாக்கோபு, மெர்சியின் அப்பா. பிற்பாடு மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். மகள் எம்.ஏ.வில் வரலாறு எடுத்தபோது காலனியே துக்கம் விசாரித்தது. டைப்ரைட்டிங் படித்திருந்தால் கம்பெனி ஆபீசிலாவது உட்கார்ந்திருக்கலாமே என்றார்கள். யாக்கோபு மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

"நம்ம மதகுக் கல்லுல அடி வரைக்கும் எழுத்து கீது மெர்சி. மண்ணு வெட்டச் சொல்ல பாத்துக்கீறேன். இன்னா எழுதிக்கீதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ படிச்சு சொல்லேன்."

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் அவள் ஆராய்ச்சி முளைத்தது. முந்தைய வருஷக் கோடையில் கல்லின் மேல் பாதியைப் படியெடுத்து வாசித்துவிட்டாள். ஒரு மனிதன் தன் நிலத்தை ஏரிக்கு எழுதிவைக்கிறான். அதன் விளைச்சலைக் கொண்டு வருஷா வருஷம் தூர் வார வேண்டும் என்கிறான். ஏரி அந்த வருஷம் முழுசாக வற்றாததால் அதற்குக் கீழே உள்ள வரிகள் தண்ணீருக்குள். யார் அந்தத் தர்மத்தைக் காக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்க வேண்டும். அவளுடைய நெறியாளர் புருஷோத்தமன் கறாரான ஆள். "பாதிக் கல்வெட்டை வெச்சுகிட்டு முழு முடிவு சொல்லாதேம்மா. அடி வரிகள் கிடைச்சா அந்த அத்தியாயம் இருக்கட்டும், இல்லேன்னா எடுத்துடு" என்றார். அந்த அத்தியாயத்தை எடுத்தால் ஆய்வேடு எலும்பில்லாத உடம்பு. உதவித்தொகையோ 1991 டிசம்பரோடு முடிகிறது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டால் கல் மறுபடியும் முழுகிவிடும். ஆகவே அந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

அந்த வருஷம் பார்த்தா அவள் பை தூக்க வேண்டும்! மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடே அறியும். அதற்கப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் புதுமுகம் எவரைக் கண்டாலும் சந்தேகம். ஜூனில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ்ஸில் வந்து இறங்கியவளைக் கான்ஸ்டபிள் ஒருவர் நிறுத்தினார். பையில் சுருட்டிய தாள், நார்த் தூரிகை, ஒரு டப்பா.

"டப்பால இன்னா?"

"மை சார்."

"எதுக்கு மை?"

"கல்லுக்குப் பூசறதுக்கு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மை பூசுவது என்றால் அவருக்குத் தெரிந்தது மந்திரவாதிகள் தொழில். ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஊரிலிருந்து யாராவது வந்து சொல்லட்டும் என்றார். யாக்கோபு ஷிஃப்டில் இருந்தார். வந்தவர் சுப்பராயன், பதவிக்காலம் முடிந்தும் ஊரார் வாயில் இன்னும் தலைவராகவே இருப்பவர். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "நம்ம ஊர்ப் பொண்ணு சார். யூனிவர்சிட்டில பெரிய படிப்பு படிக்குது" என்றார்.

ஊரும் காலனியும் ஒரே ஊர் என்று அவர் வாயால் மெர்சி கேட்டது அன்றைக்குத்தான். போலீஸிடம் சொன்னதாகவே இருக்கட்டும், சொன்னார் அல்லவா? தாளையும் டப்பாவையும் பையில் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "செப்டம்பர்ல தண்ணி அடி மட்டத்துக்குப் போயிடும், வா. உங்க புரொபசரையும் இட்டுகினு வா. ஊர் மரியாதையை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஊர் மரியாதைதான் வினையாயிற்று.

செப்டம்பர் கடைசியில் பேராசிரியர் புருஷோத்தமனுக்குக் காய்ச்சல். மெர்சி தனியாகத்தான் வந்தாள். கரை ஏறிப் பார்த்தாள். கல் முழுசாக வெளியே நின்றது. வெள்ளை வெளேரென்று நின்றது. நடுவில் ஒரு காவிப் பட்டை வேறு.

நம் ஊர்களில் கலெக்டர் வந்தாலும் சுண்ணாம்பு, மந்திரி வந்தாலும் சுண்ணாம்பு. பள்ளிக்கூடச் சுவர், கொடிமரத்து மேடை, வழியில் கிடக்கிற மைல்கல், அசையாமல் நிற்கிற எதையும் விடுவதில்லை. யூனிவர்சிட்டியிலிருந்து ஆள் வருகிறார் என்றால் எதற்கு அடிப்பது? பார்க்க வருகிற கல்லுக்குத்தான். கம்பெனிகளுக்கு போர்டு எழுதுகிற தசரதனைக் கூப்பிட்டு, நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பாக இரண்டு கோட்டிங் அடிக்கச் சொல்லியிருக்கிறார் தலைவர். அவனும் கல்லின் தலையில் இருந்த குங்குமத்தை மட்டும் விட்டுவிட்டு, எழுத்துப் பள்ளமெல்லாம் நிரம்ப நிரம்ப இழுத்திருக்கிறான்.

"எப்டிக்கீது?" என்றார் சுப்பராயன், பெண் பார்க்க வந்தவர்களிடம் கேட்கிற மாதிரி.

மெர்சி உட்கார்ந்துவிட்டாள். கல்லெழுத்து வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, அப்புறம் மேலே மை ஒற்ற வேண்டும். பள்ளத்தில் தாள் கறுக்காது, எழுத்து வெள்ளையாக எழும்பும். இங்கே பள்ளமே இல்லை. சுரண்டினால் ஆழமில்லாத எழுத்தும் சேர்ந்து போய்விடும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவள் அழுததைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தப்பு புரிந்தது. தசரதன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். சுப்பராயனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மனைவி கங்கம்மாள்தான் கரையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாத பொண்ணே. ஆம்பளைங்க மரியாதை பண்ணா இப்டித்தான். எதுனா போட்டா போவுமா அது, சொல்லு."

"புளிப்பா ஏதாவது ஊத்தி ஊற வெச்சா சுண்ணாம்பு விட்டுடும்மா. கருங்கல்லுக்கு ஒண்ணும் ஆவாது. லேப்ல ஆசிட் தண்ணி வெச்சிருப்பாங்க. இங்க ஏது?"

"புளிப்பா? அட இவ்ளோதானா! புளி இல்லாத வூடும் ஒரு வூடா?"

இதை எளிதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அது புரட்டாசி மாதம். புதுப்புளி மாசி பங்குனியில்தான் வரும். பானையில் இருப்பது அடிப்புளி. அதையும் பெண்கள் கொண்டுவந்தார்கள். ஒரு உருண்டை, ஒரு கொத்து, முந்தானையில் முடிந்த கால் படி. தெருத்தெருவாகச் செய்தி போய், கேட்காமலே காலனியிலிருந்தும் வந்துவிட்டது. கங்கம்மாள் வீட்டுப் பித்தளை அண்டா கரையில் இருந்தது. காலனிப் பெண்கள் கொண்டுவந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தயங்கி நின்றார்கள். ஊர்ப் பெண்களில் இரண்டொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா நின்னுகினு கீறீங்க? போடுங்க உள்ள. கல்லு இன்னா ரசம் வெச்சா குடிக்கப் போவுது?"

போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மெர்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் இரண்டு தெருப் புளியும் ஒரே அண்டாவில் கரைந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கரைத்தவள் ஊர்த் தலைவர் மனைவி. இந்தக் காட்சிக்காகவே சுண்ணாம்பு அடித்த தசரதனுக்கும் ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது.

சாக்கைப் புளிக்கரைசலில் முக்கிக் கல்லைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டிவிட்டு நிமிர்ந்தால் வரத்துக் கால்வாயில் செந்தண்ணி. மேற்கே எங்கோ கொட்டிய மழை. மதகடியில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அடி வரிகள் இருப்பது அங்கேதான்.

அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்த யாக்கோபு, காக்கிச் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்தார். காலனியில் நாலு பேரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். கல்லைச் சுற்றி மண்ணை வெட்டிப்போட்டு வரப்பு மாதிரி அணை கட்டினார்கள். உள்ளே ஊறுகிற தண்ணீரை யாக்கோபு குனிந்து குனிந்து பக்கெட்டால் வாரி வெளியே ஊற்றினார். டூட்டி பார்த்துக் களைத்து வந்த உடம்பு.

"அப்பா, போதும்பா, வேற யாராச்சும் பாக்கட்டும்."

"நீ உன் வேலைய பாரு. இந்த மண்ணு எனக்குத் தெரிஞ்ச மண்ணு."

சாக்கைப் பிரித்து, நார்த் தூரிகையால் தேய்த்தபோது சுண்ணாம்பு பால்போல வழிந்து இறங்கியது. ஓர் எழுத்து தெரிந்தது. அப்புறம் பக்கத்து எழுத்து. மெர்சி தாளை நனைத்து ஒட்டியதும் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று ஒட்டினாள், தூறல் விழுந்தது. கங்கம்மாள் ஒரு பழைய புடவையைப் பிரித்து ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைப் பிடித்தவள் காலனிப் பெண். இன்னும் இரண்டு புடவை வந்தது. காற்றுக்கும் தூறலுக்கும் நடுவே பெண்கள் பிடித்த அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அணை உடைவதற்குள், அவள் தட்டினாள், மை ஒற்றினாள், தாளை உரித்து எடுத்தாள்.

கரைக்கு வந்ததும் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். புதையல் எங்கே என்று எழுதியிருக்கும் என்று பாதிப் பேருக்கு நம்பிக்கை. "படிம்மா, இன்னா போட்டுக்கீது?" என்றார் சுப்பராயன்.

மெர்சி விரலை ஓட்டிப் பார்த்தாள். பேராசிரியர் எதிர்பார்த்த மாதிரி, அந்தக் காலத்து ஊரை நிர்வகித்த சபையார் பெயர்கள் எதுவும் அங்கே இல்லை. அத்தியாயம் போயிற்று என்றே முதலில் நினைத்தாள். பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். மூன்றாவது தடவைதான் வாய்விட்டு வாசிக்க முடிந்தது.

"இவ்வேரி குழி குத்துவாரும் இத்தன்மங் காப்பாரும் இவர் பாதம் என் தலை மேலன."

"அப்டின்னா?"

"தர்மம் காக்கறவங்க பாதம் என் தலைமேலன்னு முடிக்கறது அந்தக் காலத்து வழக்கம்யா. நெறைய கல்லுல இருக்கும். ஆனா இவர் அவங்களுக்கும் முன்னாடி இன்னொருத்தரைச் சொல்றாரு. குழி குத்துறவங்கன்னா, ஏரிக்குள்ள இறங்கி மண்ணு வெட்டறவங்க. நிலம் குடுத்தவரு, பெரிய மனுஷன், சொல்றாரு. இந்த ஏரியில யார் யார் மண்ணு வெட்டப் போறாங்களோ, அவங்க பாதம் என் தலைமேல இருக்குன்னு."

ஒவ்வொருவர் பார்வையாகக் கரைச் சரிவுக்குப் போயிற்று. அங்கே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார் யாக்கோபு. முழங்கால் வரை சேறு.

எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அவர் கூச்சப்பட்டுக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதத்தை வைத்து மறைக்கப் பார்த்தார்.

சுப்பராயன் தொண்டையைக் கனைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. துண்டைத் தோளில் போடவில்லை, இடுப்பிலும் கட்டவில்லை. சரிவில் இறங்கிப் போய் யாக்கோபிடம் நீட்டினார்.

"தொடச்சிக்கோப்பா."

யாக்கோபு துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், சேற்றைத் துடைக்கவில்லை. "ஆயிரம் வருஷமா கீதா மெர்சி, இந்த எழுத்து?" என்றார்.

"ஆமாம்பா."

"நாங்க வருஷா வருஷம் அது மேலயே சேத்தை வாரிப் போட்டுகினு இருந்தோமே" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.